தட்டில் இல்லாத துக்கம்

அற்பாயுளில் மறைந்த பாடகர்களின் பழைய இசைத்தட்டுகளைப் பற்றி எழுதுவதற்கென்று நம்மிடையே ஒரு பாணி நிலைத்துவிட்டது. குரலில் இனம் தெரியாத சோகம் இழையோடுகிறது, தனக்கு நாள் அதிகமில்லை என்பது பாடும்போதே தெரிந்திருக்கிறது என்கிற ரீதியில் அது போகும். நானும் அப்படி எழுதியிருக்கிறேன், என். ஸி. வசந்தகோகிலத்தைப் பற்றி. எழுதியது தவறு என்று இப்போது படுகிறது. அந்தத் தவறு எங்கிருந்து வந்தது என்று யோசித்ததுதான் இந்தக் கட்டுரை.

திருத்தணியில் ரயிலடிக்குப் போகிற வழியில் ஒரு மைக் செட் கடை இருந்தது. ஆடிக் கிருத்திகைக்கும் கல்யாணங்களுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிறவர் கடை. அவர் போன பிறகு கடையைக் காலி செய்த மகன் ஒரு தகரப் பெட்டியை என்னிடம் தள்ளிவிட்டார். உள்ளே நாற்பது ஐம்பது தட்டுகள். தமிழும் தெலுங்கும் கலந்து கிடந்தன. 1960 ஏப்ரல் 1 வரை இந்த ஊர் சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது. எல்லைக் கிளர்ச்சி நடந்த ஊர். பெட்டிக்குள் அந்த எல்லை ஏதும் இல்லை. தியாகராஜ கீர்த்தனையும் நாடகப் பாட்டும் சினிமாப் பாட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக, நடுவில் பழைய தினசரித் தாள் வைத்து அடுக்கியிருந்தன. வசந்தகோகிலத்தின் தட்டுகள் மூன்று. ஒன்றின் விளிம்பு உடைந்திருந்தது.

இவை புதிதாகக் கிடைத்த பாட்டுகள் என்று சொல்ல வரவில்லை. ஒலிநாடாவிலும் குறுந்தகட்டிலும் பிறகு இணையத்திலும் வந்துவிட்டவைதான். தட்டு என்கிற பொருளைக் கையில் எடுத்துப் பார்த்ததுதான் எனக்குப் புதிது. அரக்கும் கல் பொடியும் சேர்த்து அழுத்திய கனமான வட்டம். பத்து அங்குலம்; ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்றேகால் நிமிஷம். பக்கத்துக்கு ஒரு ஊசி மாற்ற வேண்டும். இந்த மூன்றேகால் நிமிஷத்துக்குள் விஸ்தாரமான ஆலாபனையும் நிரவலும் அடங்காது. பல்லவி, அனுபல்லவி, சரணம், இடையே பளிச்சென்று ஒரு சங்கதி, அவ்வளவுதான். நம்மிடம் மிஞ்சியிருக்கும் வசந்தகோகிலம் பெரும்பாலும் இந்தக் கடிகாரத்தின் அளவில் வெட்டப்பட்ட வசந்தகோகிலம். அவருடைய மூன்று மணி நேரக் கச்சேரியை இந்தத் தட்டுகளிலிருந்து யாராலும் ஊகிக்க முடியாது.

வாழ்க்கை விவரங்கள் சுருக்கமானவை. 1919இல் இரிஞ்ஞாலக்குடாவில் பிறந்தார். காமாட்சி என்பது இயற்பெயர். நாகப்பட்டினத்தில் சங்கீதம் கற்று, 1930களின் நடுவில் குடும்பத்தோடு சென்னைக்கு வந்தார். 1938இல் மியூசிக் அகாதெமியின் போட்டியில் முதல் பரிசு. டைகர் வரதாச்சாரியார் ‘மதுரகீதவாணி’ என்று பட்டம் கொடுத்தார். 1940இல் ‘சந்திரகுப்த சாணக்யா’ தொடங்கிச் சில படங்கள். 1944 தீபாவளிக்கு வெளிவந்து மூன்று தீபாவளிகளைக் கண்ட ‘ஹரிதா’ஸில் பாகவதரின் மனைவி வேஷம். 1951 நவம்பரில் க்ஷயரோகத்தால் மரணம். வயது 32. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டு அப்போது எட்டு வருஷம் ஆகியிருந்தது.

இந்தக் கடைசி இரண்டு வரிகளைப் படித்த பிறகு தட்டைக் கேட்கிறவன் எதைக் கேட்கிறான் என்பதுதான் கேள்வி.

‘தந்தை தாய் இருந்தால்’ என்ற பாட்டை எடுத்துக்கொள்ளலாம். அவர் பெயரைச் சொன்னதும் பலருக்கு நினைவு வருவது அதுதான். அனாதைத் துயரத்தின் உச்சம் என்று அதைப் பற்றி முன்பு எழுதினேன். பாட்டின் விஷயம் என்ன? அனாதையாக நிற்பவர் சிவபெருமான். உனக்குப் பெற்றோர் இருந்திருந்தால் ஒருவன் கல்லால் அடிப்பானா, ஒருவன் செருப்புக் காலால் உதைப்பானா, பாண்டியன் பிரம்பால் வீசுவானா என்று பரிதாபப்படுவது போலக் கேலி செய்கிற நிந்தாஸ்துதி. சாக்கிய நாயனாரும் கண்ணப்பனும் தெரிந்தவர்கள் உதட்டுக்குள் சிரித்துக்கொள்ள வேண்டிய இடம். வசந்தகோகிலம் அதைத் தெரிந்துதான் பாடுகிறார். மேல் ஸ்தாயியில் சிரமமின்றி நிற்கும் அந்தக் குரலில், அடிகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டும் உரிமையும் குறும்பும் இருக்கின்றன. சொற்கள் ஒன்றுகூட மழுங்கவில்லை. நான் கேட்ட கண்ணீர் சாகித்யத்திலும் இல்லை, பாடிய விதத்திலும் இல்லை. 1951ஐ நான் கையோடு கொண்டுபோய்த் தட்டின் மேல் வைத்திருக்கிறேன்.

இன்னொரு விஷயத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மைக் செட்காரரின் சுழல்மேடையில்தான் இந்தத் தட்டுகளை முதலில் போட்டேன். குரல் சிறுபெண் குரல் போல மெலிந்து நடுங்கியது. அதையே விதியின் நடுக்கம் என்று எடுத்துக்கொண்டேன். பிறகு விசாரித்ததில் மோட்டார் வேகமாக ஓடியது தெரிந்தது. நிமிஷத்துக்கு 78 சுற்று ஓட வேண்டியது 83 ஓடினால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும், காலமும் துரிதமாகிவிடும். வேகத்தைச் சரி செய்ததும் கிடைத்தது ஒரு வளர்ந்த பெண்ணின் குரல்; உறுதியான, தன் கெட்டிக்காரத்தனம் தனக்கே தெரிந்த குரல். என் விமர்சனத்தில் ஒரு பாதி மோட்டாரின் கோளாறு.

இது என் ஒருவனுடைய அசட்டுத்தனம் என்று விட்டுவிடலாம். ஆனால் இதைவிடப் பெரிய அளவில் ஐரோப்பாவில் நடந்திருக்கிறது. அங்கே போவதற்கு இந்த ஊரிலிருந்தே ஒரு பாதை உண்டு. முத்துசாமி தீட்சிதர் இந்த மலையில் முருகன் வாயில் கற்கண்டு இடத் தம் முதல் கீர்த்தனையைப் பாடினார் என்பது ஐதிகம். அதே தீட்சிதர் கோட்டையின் பாண்டு வாத்திய மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்யம் செய்து நோட்டுஸ்வரம் என்ற ஒரு வகையையே விட்டுப்போனவர். மேற்கத்திய சங்கீதத்தைக் கேட்பதில் அவருக்குக் கூச்சம் இருக்கவில்லை. நமக்கும் வேண்டியதில்லை.

டினு லிபாட்டி ருமேனியாவின் பியானோ கலைஞர். 1917இல் புகாரெஸ்டில் பிறந்தவர். நிணநீர்ச் சுரப்பிகளின் புற்றுநோய். 1950 செப்டம்பர் 16 அன்று பிரான்ஸில் பெஸான்ஸோன் நகரில் கடைசிக் கச்சேரி. ஷோப்பானின் வால்ட்ஸ்கள் பதினான்கில் பதின்மூன்றை வாசித்தார்; பதினான்காவதற்குத் தெம்பில்லை. டிசம்பர் 2ஆம் தேதி ஜெனிவாவில் இறந்தார். வயது 33. அவர் விட்டுப்போன ஒலிப்பதிவுகள் கொஞ்சம். புதிதாக ஒன்று கிடைக்காதா என்று உலகம் காத்திருந்தது. 1960களின் நடுவில் கிடைத்தது: ஷோப்பானின் முதல் பியானோ கன்சர்ட்டோ. இ.எம்.ஐ. நிறுவனம் லிபாட்டியின் பெயரில் வெளியிட்டது. பதினைந்து வருஷம் அந்தத் தட்டு லிபாட்டியாகவே கேட்கப்பட்டது. 1981இல் உண்மை வெளிவந்தது. வாசித்தவர் ஹலினா செர்னி-ஸ்டெஃபான்ஸ்கா என்ற போலிஷ் பெண்மணி. 1949 வார்ஸா ஷோப்பான் போட்டியில் முதல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். உண்மை வெளிவந்தபோதும் உயிரோடு இருந்தார். 2001 வரை இருந்தார்.

அந்தப் பதினைந்து வருஷங்களில் எத்தனை பேர் அந்த மெதுவான இரண்டாம் பகுதியைக் கேட்டுச் சாகப்போகிற ஒரு மனிதனின் விடைபெறலாக உணர்ந்திருப்பார்கள்! விரல்களோ இன்னும் பல வருஷம் மேடை ஏறவிருந்த ஒரு பெண்ணின் விரல்கள். தட்டு மாறவில்லை, ஒரு ஸ்வரம் மாறவில்லை; உறையில் பெயர் மாறியதும் சோகம் வற்றிவிட்டது. அப்படியானால் அது எங்கே இருந்தது? பின்னால் 1950இல் சூரிச்சில் லிபாட்டி அதே கன்சர்ட்டோவை வாசித்த அசல் பதிவும் அகப்பட்டது. ஒருவரின் பெயரால் ஏமாந்த காதுகள் அவரையே புதிதாகக் கேட்க வேண்டியிருந்தது. அதுதான் உண்மையான மறுகண்டுபிடிப்பு என்பேன்.

செங்கோட்டை கிட்டப்பா இறந்ததும் ஒரு டிசம்பர் 2ஆம் தேதிதான், 1933இல். வயது 27. இந்த ஒற்றுமையில் ஒரு அர்த்தமும் கிடையாது. ஆனால் படித்ததும் வாசகருக்கு மெல்லச் சிலிர்த்திருந்தால், நான் சொல்கிற வியாதி அதுதான். கே. பி. சுந்தராம்பாளின் வெள்ளைப் புடவையை நினைத்துக்கொண்டே கிட்டப்பாவின் தட்டைக் கேட்கிறோம். அந்தத் தொண்டை மேலே ஏறும்போது வெளிப்படுவது வெறும் ஆனந்தம், ஜெயித்துக்கொண்டிருப்பவனின் திமிர். அதை இரங்கற்பாவாக்குவது அவருக்குச் செய்கிற மரியாதை அல்ல.

இதைச் சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. டி. கே. பட்டம்மாளும் 1919இல் பிறந்தவர். அதே நகரம், அதே மாதிரித் தட்டு, அதே மூன்றேகால் நிமிஷம். அவர் 2009 வரை வாழ்ந்தார். எனவே அவருடைய இளவயதுத் தட்டுகளை ஒரு ஆரம்பமாகக் கேட்கிறோம். பின்னால் வரப்போகும் கனத்தின் விதையை அவற்றில் தேடுகிறோம். வசந்தகோகிலத்தின் தட்டுகளை முடிவாகக் கேட்கிறோம். ஆனால் ஒலிவாங்கி முன் நின்ற அந்த நிமிஷத்தில் இருவருமே ஆரம்பத்தில்தான் இருந்தார்கள். இருவர் முன்னாலும் நாற்பது வருஷக் கச்சேரிகள் காத்திருந்ததாகத்தான் அந்தக் குரல்கள் நம்பிப் பாடுகின்றன.

மரணத்தை மறந்துவிட்டுக் கேள் என்று உபதேசிப்பது சுலபம். முடியாது. தெரிந்ததைத் தெரியாததாக ஆக்கிக்கொள்ள முடியாது. முடிவது ஒன்றுதான்: நஷ்டத்தை அது இருக்கிற இடத்தில் வைப்பது. வசந்தகோகிலத்தின் விஷயத்தில் நஷ்டம் தட்டுக்கு வெளியே இருக்கிறது. நாற்பது வயதில் அவர் எப்படி ஒரு ராகத்தை நிறுத்தி விரித்திருப்பார் என்பது நஷ்டம். நீளமாகப் பதிவு செய்ய எல்.பி. தட்டும் ஒலிநாடாவும் நம் ஊரில் புழக்கத்துக்கு வருவதற்கு முன் அவர் போய்விட்டது நஷ்டம். இவற்றுக்காக வருந்தலாம், வருந்தவும் வேண்டும். அந்த வருத்தத்தைத் தூக்கி அவர் தொண்டைக்குள் வைத்தால், அவர் உண்மையில் பாடியதையும் இழந்துவிடுகிறோம், இரண்டாவது முறையாக.

தீட்சிதரின் குரல் நமக்குக் கிடைக்கவில்லை. எட்டயபுரத்தில் 1835 தீபாவளியன்று அவர் உயிர் பிரிந்த விதத்தை எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அவர் கீர்த்தனையில் யாரும் அந்தத் தீபாவளியைக் கேட்பதில்லை. சுப்பராம தீட்சிதரின் ஸ்வரப்படுத்திய புத்தகம் வழியாக, சிஷ்ய பரம்பரை வழியாக, பாட்டு மட்டும் வந்து சேர்ந்தது. தட்டு குரலையும் கொண்டுவந்து சேர்த்ததால் ஆளையே பிடித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

விளிம்பு உடைந்த தட்டில் முதல் சில சுற்றுகள் போய்விட்டன. ஊசியை உடைசலுக்கு உள்ளே வைக்க வேண்டும். பாட்டு நடுவிலிருந்து, ஒரு சங்கதியின் பாதியிலிருந்து தொடங்குகிறது. சரியான வேகத்தில் ஓடவிட்டு நேற்று மறுபடியும் கேட்டேன். அடுத்த சங்கதி எப்படி வரப்போகிறது என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதற்குமேல் அவருக்கு எதுவும் தெரிந்திருந்ததாகத் தட்டில் இல்லை.