சந்தா ரசீதும் ஓட்டுச்சீட்டும்

‘நீங்கள் தொழிற்சங்க உறுப்பினரா? எந்தக் கட்சியை ஆதரிக்கிறீர்கள்?’ கருத்துக்கணிப்புத் தாள்களில் இவ்விரு கேள்விகளும் வரும். பதில்களை ஒரே அட்டவணையில் பொருத்திப் பார்த்து, தொழிலாளிக்கு அரசியல் உணர்வு வந்துவிட்டது என்றோ செத்துவிட்டது என்றோ தீர்ப்பு எழுதிவிடுகிறோம். நம் தோழர்களும் இதற்கு விலக்கல்ல.

எண்களையே எடுத்துக்கொள்வோம். 2002ஐ அடிப்படையாக வைத்து மத்திய அரசு நடத்திய உறுப்பினர் சரிபார்ப்பில் ஏ.ஐ.டி.யு.சி.க்குச் சுமார் 34 லட்சம் பேர், சி.ஐ.டி.யு.வுக்கு 27 லட்சம். 2004 மக்களவைத் தேர்தலில் சி.பி.ஐ. பெற்றது 1.4 சதவீதம், சி.பி.எம். 5.7. சங்கத்தில் பெரியது ஓட்டில் சிறியது. நின்ற தொகுதிகள், கூட்டணிக் கணக்கு எல்லாம் இதில் உண்டுதான். ஆனாலும் சந்தா ரசீதை ஓட்டுச்சீட்டாக வாசிக்க முடியாது என்பது இதிலேயே தெரிகிறது.

மதுரையின் வரலாறு இன்னும் சிக்கலானது. 1930களின் இறுதியில் மகாலட்சுமி மில் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைமை ஏற்றவர் முத்துராமலிங்கத் தேவர். பஞ்சாலைத் தொழிலாளரிடையே வேலைசெய்த கம்யூனிஸ்ட் பி.ராமமூர்த்தி 1952இல் சிறையிலிருந்தபடியே மதுரை வடக்கில் ஜெயித்தார். 1967இல் அவரே தி.மு.க. கூட்டணியில் மதுரை மக்களவை உறுப்பினரானார். அன்று அவருக்கு ஓட்டுப்போட்ட மில் தொழிலாளியின் கை போனது செங்கொடிக்கா, காங்கிரஸ் மீதான கோபத்துக்கா, சொந்த சாதிக்காரர் சொல்லுக்கா? மூன்றுமாக இருக்கலாம். கணிப்புத் தாளில் இருப்பதோ ஒரே கட்டம்.

எங்கள் டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் கடைசிக் காலத்தைக் கழித்தவர் ஜே.சி.குமரப்பா. 1930 வாக்கில் குஜராத்தின் மாத்தர் தாலுகாவில் அவர் ஓர் ஆய்வு நடத்தினார். எந்தக் கட்சி என்று கேட்டு அல்ல. நிலம், விளைச்சல், வரி, கடன் என்று வீட்டுக் கணக்கை விசாரித்து. நிலவரி தாங்க முடியாத சுமை என்ற அரசியல் முடிவு அந்தக் கணக்கிலிருந்தே வந்தது.

பருத்திக் காட்டுக்குக் கூலிக்குப் போன என் அம்மாவிடம் எந்தச் சங்க ரசீதும் கிடையாது. ‘உறுப்பினர் இல்லை’ என்பதோடு அவள் கதை முடிந்துவிடும். ஒருதடவை அவளிடம் இதைச் சொன்னேன். “கூலிய ஏத்திக் கேட்டு நாங்க அத்தன பேரும் காட்டுக்குப் போகாம நின்னோமே, அத எதுலப்பா எழுதுவீக?” என்றாள்.

அதற்கான கட்டத்தை இன்னும் நாம் போடவில்லை.