போகும் பறவைக்கும் தேதி உண்டு

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வசந்தம் என்றால் பறவைகள் வந்து சேரும் காலம். நம்மூரில் அதே நாட்கள் பறவைகள் விடைபெறும் காலம். புரட்டாசி, ஐப்பசியில் வந்திறங்கிய வாலாட்டியும், மின்கம்பியில் வரிசையாக உட்காரும் தகைவிலானும், வயல் சேற்றில் ஓடித் திரியும் உள்ளானும் மாசி, பங்குனியில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து ஒருநாள் காணாமல் போய்விடும். எங்கள் திருநெல்வேலிச் சீமையில் கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்துகளும் அப்படித்தான். இமயமலையைத் தாண்டித் திபெத், மங்கோலியா ஏரிகளுக்குப் போய்த்தான் அவை குஞ்சு பொரிக்கின்றன.

இந்த வடதிசைப் பயணத்தை நம்மவர்கள் கவனிக்காமல் இல்லை. குமரிக்கடலில் நீராடிவிட்டு வடக்கே திரும்பும் நாரையிடமும் அதன் துணையிடமும் தன் மனைவிக்குச் சேதி சொல்லச் சொன்ன சத்திமுத்தப் புலவரைப் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அவருக்கு நாரையின் அலகு, கால், போகும் திசை எல்லாம் தெரிந்திருக்கிறது. தேதியைக் குறித்து வைக்கும் பழக்கந்தான் நம்மிடம் இல்லாமல் போயிற்று.

அந்தப் பழக்கத்தை வழிவழியாகக் காத்த ஒரு குடும்பம் இங்கிலாந்தில் இருந்தது. நார்ஃபோக் பகுதியில் ராபர்ட் மார்ஷம் என்ற நிலக்கிழார் 1736-ல் குறிப்பெழுதத் தொடங்கினார். முதல் பனித்துளிப்பூ எப்போது மலர்ந்தது, முதல் தகைவிலான் எப்போது வந்தது, குயிலினப் பறவை எப்போது கூவியது என்று வருடாவருடம் எழுதினார். அவருக்குப் பின் அவர் வாரிசுகள் அதை 1958 வரை தொடர்ந்தார்கள். அவரோடு கடிதத் தொடர்பு வைத்திருந்த கில்பர்ட் வைட் என்ற பாதிரியார் பெரிய இயற்கை ஆய்வாளர். அவருக்கே குளிர்காலத்தில் தகைவிலான்கள் வேறு நாட்டுக்குப் போகின்றனவா, அங்கேயே எங்காவது ஒளிந்து தூங்குகின்றனவா என்ற சந்தேகம் கடைசிவரை தீரவில்லை. படித்தவர்களே அப்படிக் குழம்பிய காலம் அது.

குழப்பம் தீர ஒருவர் நோட்டு போதாது. பல ஊர்க்காரர்களின் நோட்டுகளைச் சேர்த்துப் பார்க்கவேண்டும். இதைச் செய்து காட்டியவர் அமெரிக்காவின் வெல்ஸ் குக். ஆசிரியராக இருந்த அவர், 1881-82 குளிர்காலத்தில் அயோவா மாநிலத்துப் பறவை ஆர்வலர்களுக்குக் கடிதம் எழுதி, உங்கள் ஊருக்கு எந்தப் பறவை என்று வந்தது, என்று போனது என எழுதி அனுப்புங்கள் என்று கேட்டார். சில ஆண்டுகளில் அது நாடு முழுக்கப் பரவியது. உச்ச காலத்தில் சுமார் 3,000 பேர் எழுதினார்கள். சம்பளம் கிடையாது. ஒவ்வொரு அட்டையிலும் முதலில் பார்த்த நாள், அடுத்துப் பார்த்த நாள், நிறையத் தென்படத் தொடங்கிய நாள், கடைசியாகப் பார்த்த நாள் என்று கட்டங்கள். 1970-ல் அந்தத் திட்டம் நின்றபோது சுமார் 60 லட்சம் அட்டைகள் சேர்ந்திருந்தன. பல வருடம் அலமாரிகளில் தூங்கிய அவற்றை, இந்த நூற்றாண்டில் படமெடுத்து, உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களைக் கொண்டு கணினியில் ஏற்றினார்கள்.

நம் நாட்டில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் தொடங்கிய ஆண்டு 1883. பறவை வலசையில் பெரிய அளவில் இறங்க அதற்குக் காரணமானது ஒரு நோய். 1957-ல் ஷிமோகா பக்கம் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. மனிதர்களுக்கும் காய்ச்சல் பரவியது. அந்தக் கிருமி ரஷ்யாவில் இருந்த ஒரு கிருமிக்கு உறவு என்று தெரிந்ததும், சைபீரியாவிலிருந்து வரும் பறவைகள் உண்ணிகளைச் சுமந்து வந்தனவோ என்ற கேள்வி எழுந்தது. சலீம் அலி தலைமையில், உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு, பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டி விட்டார்கள். கண்டெடுப்பவர் பம்பாய்க் கழகத்துக்குத் தெரிவிக்கவேண்டும் என்று அந்த வளையத்தில் பொறித்திருக்கும். நம் கோடியக்கரையிலும் பிற்பாடு இந்தப் பணி நடந்தது.

வளையம் மாட்டப் பயிற்சி வேண்டும். பார்த்ததை எழுத ஒரு பென்சில் போதும். 1960-ல் ஜாஃபர் ஃபதேஅலி பறவை ஆர்வலர்களுக்காக ஒரு மாத இதழ் தொடங்கினார். ஆரம்பத்தில் சைக்ளோஸ்டைல் செய்து தபாலில் அனுப்பிய தாள்கள்தான். சாதாரண ஆட்கள் தங்கள் ஊரில் பார்த்ததை அதில் எழுதினார்கள். 2007-ல் 'மைக்ரன்ட் வாட்ச்' என்ற திட்டம் ஒன்பது பறவைகளோடு தொடங்கி, வந்த நாள், போன நாள் விவரங்களை நாடெங்கும் இருந்து திரட்டியது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வந்த நாளைக் குறிப்பது எளிது. புதுப் பறவை கண்ணில் பட்டதும் எழுதிவிடலாம். போன நாள் அப்படி இல்லை. இன்று பார்த்த வாலாட்டிதான் இந்த வருடத்தின் கடைசி வாலாட்டி என்று இன்று தெரியாது. பத்து நாள் கழித்து நோட்டைப் புரட்டினால்தான் தெரியும். தினமும் எழுதுகிறவருக்கு மட்டுமே அந்தத் தேதி கிடைக்கும். அவசரம் இல்லாமல் தினமும் காலையில் ஒரே குளக்கரையில் நடக்கிற எங்களைப் போன்ற பென்ஷன்காரர்களுக்குத் தோதான வேலை இது.

மார்ஷம் குடும்பத்துக் குறிப்புகளை வைத்து, சூடு கூடக் கூட வசந்தத்தின் அடையாளங்கள் முன்னதாக வருவதை விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். எழுதிய கிழவருக்கு அப்படி ஒரு கேள்வி வரும் என்றே தெரியாது. எழுதியதும், வீட்டார் தூக்கி எறியாமல் வைத்திருந்ததும்தான் பயன்பட்டது.

எங்கள் தெருவில் ஒரு தமிழாசிரியர் இருந்தார். இருபது வருடத்துக்கு மேல் குளத்தில் பார்த்த பறவைகளை டைரியில் எழுதி வைத்திருந்தார். அவர் காலமான பிறகு நான் போய்க் கேட்டபோது, டைரிகளெல்லாம் பழைய பேப்பருக்குப் போயிருந்தன. வீட்டாரைக் குறை சொல்லி என்ன ஆகும்? அதில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அந்த இருபது பங்குனிகளை இனி யாராலும் எழுத முடியாது.

அதனால் நான் என் நோட்டின் முதல் பக்கத்தில், இது எதற்கு, யாரிடம் கொடுக்கவேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். என் பேத்தியிடமும் சொல்லிவிட்டேன். வருடாவருடம் எல்லாத் தேதிகளையும் அவளே கணினியில் ஏற்றித் தருகிறாள். உங்களிடம் அப்படி ஒரு நோட்டு இருந்தால் நீங்களும் சொல்லி வையுங்கள். இல்லையென்றால், இதோ பங்குனி நடக்கிறது. தகைவிலான் இன்னும் கம்பியில் இருக்கிறது.