நாளத்தில் திறந்த வாசல்

மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வைத்தியம் வந்து சேர்ந்த கதை நீண்டது. 1872ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டப் பகுதிகளை வைத்திய மாவட்டங்களாக வகுத்தது. அட்டனை அடுத்த டிக்கோயாவில், இந்திய உதவியால் எழுந்த 150 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலை 2017இல் திறக்கப்பட்டது. இவ்விடைக்காலத்தில் வைத்தியமே உருமாறிவிட்டது. சிறுநீரகம் செயலிழந்தவரின் கழுத்து நாளத்திற் குழாயைப் பொருத்தி, அதன் வழியே குருதியைச் சுத்திகரிக்கின்றனர்.

இக்குழாயின் மூலவர் ஜெர்மானிய வைத்தியர் வெர்னர் ஃபோர்ஸ்மன். மேலாளர் தடுத்தும் கேளாது, 1929இல் தமது கை நாளத்தின் வழியே மெல்லிய குழாயொன்றை இதயம் வரை செலுத்தி, எக்ஸ்-ரே அறைக்கு நடந்தே சென்றார்! அவருக்கு நோபல் பரிசு கிட்டியதோ 1956இல். நெடுநாள் உடலில் நிலைக்கும் குழாயை 1973இல் புரோவியாக்கும், 1979இல் ஹிக்மனும் அமெரிக்காவில் அறிமுகப்படுத்தினர். தோலின் கீழ் குழாயைச் சுற்றி ஒரு துணிப்பட்டை. அதனுள் நாரிழையம் வளர்ந்து கிருமிக்கு அணையாகும்.

ஆயினும் வாசல் வாசலே. தோலிலுள்ள கிருமிகள் குழாயின் புறத்தே ஊர்ந்தும், அதன் வாய் வழியாகவும் குருதியை அடைகின்றன. கை கழுவினால் பிரசவக் காய்ச்சல் குறையும் என்று செம்மல்வைஸ் 1847இல் வியன்னாவிற் காட்டினார். அதே பாடத்தை மிச்சிகன் மாநிலம் புதுப்பித்தது: கை கழுவல், முழு உறை அணிதல், குளோர்ஹெக்சிடினால் தோலைத் துடைத்தல், தொடை நாளத்தைத் தவிர்த்தல், தேவை தீர்ந்ததும் குழாயை நீக்கல். ஆயிரம் குழாய் நாட்களுக்கு 2.7 ஆக இருந்த இடைநிலைத் தொற்று வீதம் மூன்று மாதங்களிற் சுழியானது என்று 2006இல் வெளியான ஆய்வு கூறிற்று. புதிய மருந்து எதுவும் இதிற் சேரவில்லை.

வைத்தியசாலையில் தாதியர் காக்கும் தூய்மை, பொதுக் குழாயடியில் நீர் பிடிக்கும் லயத்து வீட்டில் எளிதன்று. கட்டு நனைந்தால் அன்றே மாற்றவேண்டும். நுவரெலியாவில் இன்னுமோர் ஆபத்து: சுத்திகரிப்பின்போதோ பின்னரோ எழும் நடுக்கத்தை மலைக் குளிரென்று எண்ணிக் கம்பளி போர்த்திப் படுத்துவிடுவது. நடுக்கத்தோடு காய்ச்சலும் கண்டால் அன்றிரவே வைத்தியசாலை சேரவேண்டும்.

அங்கே முதலிற் குழாயிலிருந்தும், கை நாளத்திலிருந்தும் குருதி எடுத்து வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவர், பின்னரே மருந்து. சில எளிய கிருமிகளாயின் குழாயினுள்ளேயே மருந்தை நிரப்பி அதனைக் காக்க முயல்வதுண்டு. பொன்னிறக் கொத்துக்கிருமியோ காளானோ ஆயின் குழாயை அகற்றுவர். குருதி தூய்மையானதைச் சோதனை காட்டிய பின்னரே நெடுநாட் குழாய் மறுபடி பொருத்தப்படும்.