குயவரும் அவருடைய கூட்டாளியும்

வாணிகத்தின் வரலாற்றைப் படிப்போர் பெரும்பாலும் பொருளைச் செய்தவருடைய பெயரையே நினைவில் வைத்துக்கொள்கின்றனர். அவர் அருகில் அமர்ந்து, வரவையும் செலவையும் எடுத்துக்காட்டி, ‘இவ்வளவில் நில், இவ்விடத்தில் துணிந்து செல்’ என்று அறிவுரை கூறியவரை மறந்துவிடுகின்றனர். அவ்வாறு மறக்கப்பட்ட ஒருவரைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயர் மாவட்டத்தில் பர்ஸ்லம் என்றோர் ஊர் உண்டு. களிமண்ணும் நிலக்கரியும் நிறைந்த அப்பகுதியில் மட்பாண்டத் தொழில் வழிவழியாக நடந்து வந்தது. அங்கே ஒரு குயவர் குடும்பத்தில், கடைக்குட்டியாக, 1730-ஆம் ஆண்டில் ஜோசையா வெட்ஜ்வுட் பிறந்தார். 1739-இல் தந்தை காலமானார். சூளையும் தொழிலும் மூத்த மகனைச் சேர்ந்தன. இளைய மகனுக்கென்று உயிலில் குறித்திருந்த தொகை 20 பவுன்தான். இளமையில் கண்ட பெரியம்மை நோய் அவருடைய வலக்காலையும் கெடுத்துவிட்டது. சக்கரத்தைக் காலால் உந்திப் பானை வனைய இயலாத அவர், மண்ணையும் மெருகையும் ஆராய்வதில் அறிவைச் செலுத்தினார். 1759-இல் உறவினரிடம் ஒரு சிறு தொழிற்கூடத்தை வாடகைக்கு எடுத்துத் தனியே தொழில் தொடங்கினார்.

1762-இல் அலுவல் நிமித்தம் லிவர்ப்பூல் துறைமுகத்துக்குச் சென்றபோது, வழியில் அந்தக் காலிலேயே அடிபட்டது. பல வாரங்கள் படுக்கையில் கிடக்க நேர்ந்தது. மருத்துவம் பார்த்தவர், நோயாளிக்குப் பேச்சுத்துணையாக ஒரு நண்பரை அழைத்து வந்தார். அவரே தாமஸ் பென்ட்லி. அவரும் ஏறத்தாழ அதே வயதினர். நல்ல கல்வி பெற்றவர். மான்செஸ்டரில் துணி வணிகரிடம் தொழில் பழகி, லிவர்ப்பூலில் வாணிகம் நடத்தியவர். பிரெஞ்சு மொழியும் கலை நூல்களும் அறிந்தவர். அடிமை வாணிகத்தால் செழித்த அந்நகரிலேயே அதனை வெறுத்தவர். நோய்ப்படுக்கையில் தொடங்கிய நட்பு, பதினெட்டு ஆண்டுகள் நீடித்தது.

முதலில் பென்ட்லி கூட்டாளியல்லர், அறிவுரையாளர் மட்டுமே. அக்காலத்தில் பர்ஸ்லத்தின் கலங்கள் பொதிகுதிரைகளின் முதுகிலேறிக் கரடுமுரடான பாதைகளில் சென்றன. வழியிலேயே பல உடைந்துபோயின. ஆற்றோடு ஆற்றை இணைக்கும் கால்வாய் ஒன்று வேண்டுமென்று வெட்ஜ்வுட் முயன்றபோது, அதன் நன்மைகளை விளக்கி 1765-இல் ஒரு சிறுநூல் எழுதியவர் பென்ட்லி. 1766-இல் பாராளுமன்றம் இசைவு தந்தது. முதல் மண்ணை வெட்ஜ்வுட்டே வெட்டினார். அந்தக் கால்வாய் செல்லும் வழியிலேயே தம் புதிய ஆலையை அமைத்து, அதற்கு எட்ரூரியா என்று பெயரிட்டார். நண்பர் வந்து தங்குவதற்கென்று அங்கே ஒரு வீடும் கட்டினார். லிவர்ப்பூலை விட்டுவரப் பென்ட்லி நெடுநாள் தயங்கினார். இறுதியில் இசைந்தார். 1769 ஜூன் 13-ஆம் நாள் ஆலை திறக்கப்பட்டபோது, பென்ட்லி சக்கரத்தைச் சுழற்ற, வெட்ஜ்வுட் முதல் பூச்சாடிகளை வனைந்தார்.

அழகுக்கலங்களில் மட்டுமே இருவருக்கும் பங்கு. அன்றாடம் புழங்கும் தட்டும் கிண்ணமும் வெட்ஜ்வுட் குடும்பத்துக்கே உரியவை. ஒப்பந்தத்தில் இது தெளிவாகத்தான் தோன்றியது. ஆனால் அடுத்த ஆண்டே சிக்கல் எழுந்தது. சில கலங்கள் அழகுக்கும் ஆகும், பயனுக்கும் ஆகும். அவற்றின் இலாபம் எவருக்கு உரியது? அற்பமாகத் தொடங்கிய இத்தகைய ஐயங்களால் முறிந்துபோன கூட்டு வாணிகங்கள் பல. வெட்ஜ்வுட் தம் மனக்கவலையை மறைக்காமல் நீண்ட கடிதம் எழுதினார். பொருளைக் காட்டிலும் நட்பே தமக்குப் பெரிது என்பதை உணர்த்தினார். வழக்கு வளரவில்லை.

பென்ட்லி இலண்டனில் தங்கி விற்பனையைக் கவனித்தார். எவ்வகைக் கலத்தை மக்கள் விரும்புகின்றனர், எது தேங்கிக் கிடக்கிறது என்பவற்றை எட்ரூரியாவுக்கு ஓயாது எழுதிவந்தார். பெருமக்கள் பலரும் கடனுக்கு வாங்கினர். பணம் வரத் தாமதமாயிற்று. போதாக்குறைக்கு 1771-இல் செருமானியப் பிரபுக்களுக்கு, அவர்கள் கேளாமலே, ஆளுக்கு 20 பவுன் மதிப்புள்ள ஏறத்தாழ 1,000 சரக்குப் பொதிகள் அனுப்பப்பட்டன. பெரும்பாலோர் பின்னர்ப் பணம் செலுத்தினர் எனினும், அதுவரை முதல் முடங்கிக் கிடந்தது.

இந்நிலையில் 1772 ஜூன் மாதத்தில் இலண்டனில் ஒரு வங்கி முறிந்தது. அதைத் தொடர்ந்து ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் பல வங்கிகள் வீழ்ந்தன. கடன் கொடுப்பார் இல்லை. பொருள் வாங்குவாரும் குறைந்தனர். பண்டசாலையில் சரக்கு நிறைந்திருந்தது. கையில் பணம் இல்லை. அப்போதுதான் வெட்ஜ்வுட் கணக்கேடுகளைத் தாமே விரித்து அமர்ந்தார். ஒவ்வொரு கலத்துக்கும் மண், கூலி, எரிபொருள், வாடகை, தேய்மானம், உடைந்தவற்றின் இழப்பு என ஒன்றையும் விடாது கணக்கிட்டார். கண்டவற்றையெல்லாம் பென்ட்லிக்கு எழுதினார்.

அந்த ஆராய்ச்சியில் அவர் கண்ட உண்மை யாது? சில செலவுகள் செய்யும் பொருளின் அளவோடு கூடும், குறையும். வேறு சில செலவுகளோ, நிறையச் செய்தாலும் குறையச் செய்தாலும் மாறாமல் நிற்கும். எடுத்துக்காட்டாக ஒன்று கூறுவேன். ஆலையின் வாடகையும் மேற்பார்வையும் வாரத்துக்கு 10 பவுன் என்று கொள்வோம். வாரத்தில் 100 கலங்கள் செய்தால், 10 கலத்துக்கு ஒரு பவுன் அச்செலவு ஏறும். 200 செய்தால் 20 கலத்துக்கே ஒரு பவுன். ஆகவே நூறு வகைகளில் சிற்சில செய்வதைவிட, விலைபோகும் சில வகைகளை மிகுதியாகச் செய்வதே நன்று. செல்வர் வீடுகளில் பூச்சாடிகள் முன்பே நிறைந்திருந்தன. விலையைத் தக்கவாறு குறைத்தால் நடுத்தரக் குடும்பத்தாரும் வாங்குவர் என்றும் அவர் எண்ணினார். இன்று கல்லூரிகளில் நிலைச்செலவு, மாறும் செலவு என்று கற்பிக்கும் பாடம் இதுவே.

ஏடுகளைப் புரட்டியதில் வேறொன்றும் வெளிப்பட்டது. இலண்டன் கணக்குகளில் எழுத்தர் ஒருவரின் முறைகேடு இருந்தது. எட்ரூரியாவிலிருந்து நம்பகமான கணக்கர் ஒருவரை அனுப்பி ஏடுகளைச் சீர்செய்தனர். இங்கே நாம் ஒன்றைக் கருதவேண்டும். பென்ட்லியின்மீது வெட்ஜ்வுட்டுக்கு ஐயமே எழவில்லை. ஆயினும் நம்பிக்கை உண்டென்பதற்காக ஏட்டைப் பாராமல் இருந்தது பிழை என்பதை இருவரும் உணர்ந்தனர். கணக்குப் பார்ப்பது நட்புக்கு இழுக்கு என்று நினைப்போர் நம்மிடையேயும் உண்டு. கணக்கு நேராக இருந்தமையாலேயே இந்நட்பு நிலைத்தது.

சிக்கனத்தோடு துணிவும் வேண்டும். 1773-இல் உருசியப் பேரரசி காத்தரைன், 50 பேர் அமர்ந்துண்ணும் விருந்துக்கலத் தொகுதி ஒன்று வேண்டுமென்றார். அதிலுள்ள 952 கலங்களிலும் பிரிட்டனின் இயற்கைக் காட்சிகளையும் மாளிகைகளையும் தீட்டவேண்டும். செலவை எண்ணி வெட்ஜ்வுட் கவலையுற்றார். எனினும் இருவரும் அதனை ஏற்றனர். கலங்களுக்குரிய விளக்கப் பட்டியலைப் பென்ட்லி பிரெஞ்சு மொழியில் எழுதினார். அனுப்புமுன் 1774-இல் இலண்டனில் அனைத்தையும் காட்சிக்கு வைத்தனர். இங்கிலாந்து அரசியும் வந்து கண்டார். கிடைத்த இலாபம் சிறிதே. பெற்ற புகழோ பெரிது.

1780 நவம்பரில் பென்ட்லி மறைந்தார். அடுத்த ஆண்டு, கூட்டுச் சரக்கு ஏலத்தில் விற்கப்பட்டு அவருடைய பங்கு தீர்க்கப்பட்டது. அவ்விடத்தை நிரப்ப இன்னொருவர் வெட்ஜ்வுட்டுக்குக் கிடைக்கவில்லை. 1787-இல் அடிமை வாணிகத்தை எதிர்த்து, விலங்கிட்ட கைகளோடு மண்டியிட்ட மனிதனின் உருவத்தை அவர் பதக்கமாகச் செய்து வெளியிட்டார். மறைந்த நண்பரின் கொள்கை அதிலும் வாழ்ந்தது எனலாம். 1795-இல் வெட்ஜ்வுட் இறந்தபோது, அவருடைய செல்வம் சுமார் 5 இலட்சம் பவுன் என மதிப்பிடப்பட்டது.

வெட்ஜ்வுட் நண்பருக்கு எழுதிய கடிதங்கள் நூற்றுக்கணக்கில் இன்றும் உள்ளன. பென்ட்லி எழுதியவற்றுள் மிகப் பல மறைந்துபோயின. கேட்டவருடைய குரல் நமக்குக் கேட்கிறது. அறிவுரை கூறியவருடைய குரல் கேட்கவில்லை. ஆயினும் 20 பவுனில் தொடங்கிய வரலாற்றை நீங்கள் படிக்கும்போது, அக்கடிதங்கள் எவரை நோக்கி எழுதப்பட்டன என்பதை மறவாதீர்கள். நாளை நீங்கள் ஒரு தொழிலை நடத்தினால், நல்ல கூட்டாளியைத் தேடுங்கள். அவரோடு சேர்ந்து ஏட்டையும் நாள்தோறும் பாருங்கள்.