விதைநெல் யார் வீட்டில்?

இன்னைக்குக் கோவிலம்பாக்கத்துல இருந்து ஆரம்பிக்கலாம். துரைப்பாக்கம் ரேடியல் ரோடுல போறவங்களுக்கு இது அடுக்குமாடி வீடுகள் நிறைஞ்ச ஊர். ஆனா இங்க இருக்கிற ஏரி குடியிருப்புக்காக வெட்டினது இல்ல. வயலுக்காக வெட்டினது. இது ஏரிப் பாசனத்துல நெல் விளைஞ்ச ஊர்.

ஒரு கேள்வி. என் வயல்ல ஒரு நெல், வரப்புக்கு அந்தப் பக்கம் உங்க வயல்ல வேற நெல். ரெண்டும் ஒரே நேரத்துல பூக்குது. அப்புறம் எப்படித் தலைமுறை தலைமுறையா விதை கலக்காம இருந்தது?

பதில் நெல் பூவுக்குள்ள இருக்கு. ஒவ்வொரு பூவிலும் ஆறு மகரந்தப் பைகள். உமி திறக்கிற நேரத்திலேயே அவை வெடிச்சு, அதே பூவின் சூலகமுடியில மகரந்தம் விழுந்துடும். கொஞ்ச நேரத்துல உமி மூடிக்கும். இதுதான் தன்மகரந்தச் சேர்க்கை. பக்கத்து வயல் மகரந்தம் சேர்வது பெரும்பாலும் நூற்றில் ஒன்றுக்கும் கீழே. அந்த ஒன்றிரண்டு கலவனையும் பிடுங்கிட்டா விதைநெல் சுத்தம்.

கம்பு இதுக்கு நேர் எதிர். அதுல சூலகமுடி முதல்ல வெளியே வரும், மகரந்தம் சில நாள் கழிச்சுத்தான். அதனால பெரும்பாலும் அடுத்த செடியோட மகரந்தம்தான் சேரும்.

நெல்லின் காட்டு உறவுகளும் ஒரே மாதிரி இல்ல. வற்றாத நீர்நிலையில பல வருஷம் வாழும் ரூஃபிபோகன் அயல்மகரந்தத்தை அதிகம் ஏற்கும். அதனால காத்திருக்க முடியும். கோடையில காயும் குட்டையில வாழும் நிவாராவுக்கு ஒரு பருவம்தான். துணை கிடைக்கலன்னா வம்சமே போயிடும். அதனால அது பெரும்பாலும் தன்னையே நம்பியிருக்கு.

ஆனா தன்னையே நம்பினா ஒரு விலை உண்டு. டார்வின் பல வருஷம் செடிகளை ரெண்டு விதமாவும் வளர்த்துப் பார்த்து, 1876ல புத்தகமா வெளியிட்டார். பல செடிகள்ல கலந்து பிறந்த பிள்ளைங்கதான் திடமா வளர்ந்தன. புதுக் குணம் வேணும்னா கலப்பு வேணும்.

கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையம் 1921ல வெளியிட்ட ஜி.இ.பி. 24, நம்ம பக்கத்துல கிச்சிலிச் சம்பாங்கிறது, தற்செயலான மாற்றத்துல கிடைச்சது. ஆனா மாற்றம் வரட்டும்னு எத்தனை நாள் காத்திருக்கிறது? பூவின் நுனியைக் கத்தரிச்சு, ஆறு பைகளையும் எடுத்து, வேற நெல்லோட மகரந்தத்தைத் தூவினாங்க. ஜி.இ.பி. 24ன் வாரிசான திரூர்குப்பத்து டி.கே.எம். 6, பிலிப்பைன்ஸ் போய் 1969ல வந்த ஐ.ஆர். 20க்குப் பெற்றோர் ஆச்சு. இதெல்லாம் கலப்புல பிறந்தாலும், நிலைப்படுத்தின பிறகு விவசாயி வீட்டு விதைதான்.

கதை மாறினது 1970ல. சீனாவின் ஹைனான் தீவுல, யுவான் லாங்பிங் குழு மகரந்தம் மலடான ஒரு காட்டு நெல்லைக் கண்டுபிடிச்சது. அதை வெச்சு வீரிய ஒட்டு நெல் பெரிய அளவுல சாத்தியமாச்சு. தமிழ்நாட்டுல 1994ல கோ.ஆர்.ஹெச். 1 வந்தது. விளைச்சல் கூடும். ஆனா அந்த நெல்லையே மறுபடி விதைச்சா, உயரமும் மணியும் பலவிதமாப் பிரிஞ்சு வரும். அதனால வருஷா வருஷம் விதை வாங்கணும்.

ஒரு பூ எப்படிச் சூல் கொள்ளுதுங்கிறது, விதை யார் கையில இருக்கும்ங்கிறதையும் முடிவு பண்ணுது. கோவிலம்பாக்கத்துல விதைநெல் எடுத்து வெச்ச வீடுகள்ல இப்போ விதைக்க நிலம் இல்ல. விதைக்காத நெல் ரெண்டு மூணு வருஷத்துல முளைப்பை இழந்துடும். உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட இன்னைக்கே கேளுங்க: நம்ம வயல்ல என்ன நெல் போட்டோம்?