மேற்கைச் சீரமைப்புக்குப் பின் நீடிக்கும் வலியும் வீக்கமும்

மேற்கையில் தளர்ந்து தொங்கும் தோலையும் அதனடிக் கொழுப்பையும் அகற்றி, எஞ்சிய தோலை இழுத்துத் தைக்கும் சத்திரசிகிச்சை, உடல் எடை பெருமளவு குறைந்தோருக்கே பெரும்பாலும் செய்யப்படுகிறது. தையல் அக்குளிலிருந்து முழங்கையை நெருங்கும் வரை நீள்வதாலும், இழையங்களில் ஊறும் தெளிந்த திரவமாகிய நிணநீரை இதயத்தை நோக்கிக் கொண்டுசெல்லும் நுண்நாளங்கள் அவ்வழியே அறுபடுவதாலும், வலியும் வீக்கமும் ஓரளவுக்கு எல்லோரிடத்தும் தோன்றுகின்றன.

மேற்கைத் தோலை வெட்டியகற்றுதலை 1930களில் அமெரிக்காவின் மாக்ஸ் தோரெக் விவரித்தார். அழகியல் நோக்கில் அதனை 1954இல் ஆர்ஜென்டீனாவின் கொரேயா இதுர்ராஸ்பே, பெர்னாண்டஸ் ஆகியோர் எடுத்தாண்டனர். தோலை மட்டும் தைத்தால் தழும்பு கீழிறங்கி அகலும் என்பதால், தோலடிப் படலத்தை அக்குளின் உறுதியான படலத்தோடு பிணைக்கும் முறையை 1995இல் லொக்வூட் வெளியிட்டார். வீக்கத்தைக் கையாளும் கலையோ இவற்றினும் பழையது. வீங்கிய உறுப்பை மெல்லத் தடவி அழுத்தக் கட்டிடும் முறையை 1892இல் வினிவார்ட்டர் எழுதிவைத்தார். டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வொடர் 1930களில் அத்தடவுதலைத் தனிப்பயிற்சியாக வளர்த்தார். மார்பகப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சைக்குப் பின் கை பருப்பதை 1921இல் ஆராய்ந்த வில்லியம் ஹால்ஸ்டெட், யானைக்கால் நோயின் பெயரையே அதற்கும் சூட்டினார்.

கொழும்புக்கு இவ்வொப்புமை அந்நியமன்று. அழுக்கு நீரில் பெருகும் கியூலெக்ஸ் நுளம்பு பரப்பிய யானைக்கால் நோய் இலங்கையின் மேல், தென், வடமேல் மாகாணங்களில் நெடுங்காலம் நிலைத்திருந்தது. 1947இல் தடுப்பு இயக்கம் தொடங்கப்பட்டு, 2002 முதல் 2006 வரை அம்மாகாண மக்களுக்கு ஆண்டுதோறும் மாத்திரை வழங்கப்பட்ட பின்னர், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அது நீங்கியதாக 2016இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது. நோய்ப்புழு சிதைத்த நிணநீர் நாளங்கள் புழு அழிந்த பின்னும் முன்போல் ஆவதில்லை. ஆகவே வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற பகுதிகளில் வாழ்ந்து முதுமையடைந்தவரிடம், முன்பு கையோ காலோ வீங்கியதுண்டா எனச் சத்திரசிகிச்சைக்கு முன்னரே கேட்டறிதல் இன்றியமையாதது.

வலி நீடிப்பதற்குத் தனிக் காரணமாவது முன்கையின் உட்புறத் தோலுக்குச் செல்லும் நரம்பாகும். மேற்கையின் உட்பக்கத்தில் ஆழத்திலிருந்து மேலெழுந்து ஓடும் இது வெட்டுப்பட்டால் அல்லது தழும்பில் சிக்கினால், முன்கையில் விறைப்பும் சுடுவது போன்ற எரிவும் உண்டாகும். இவ்வெரிவு சாதாரண வலிமாத்திரைக்கு நன்கு அடங்காது. நரம்பு வலிக்குரிய மருந்தை வைத்தியரே தேர்ந்தளிக்க வேண்டும்.

வீக்கம் முதல் சில நாட்களில் உச்சமடைந்து, ஆறு வாரங்களில் பெருமளவு வடிந்து, சிலரிடம் மாதக்கணக்கில் எஞ்சுகிறது. படுக்கும்போது தலையணையில் கையை இதயத்தின் மட்டத்துக்கு மேலே வைத்தலும், விரல்களை அடிக்கடி மடக்கி நீட்டலும், வைத்தியர் கூறும் காலம்வரை அழுத்த உறை அணிதலும் அடிப்படை முறைகள். கொழும்பின் புழுக்கத்தில் உறைக்குள் வியர்வை தேங்கி வியர்க்குரு கிளம்புவதால் பலர் அதனைக் கழற்றிவிடுகின்றனர். மாற்றி அணிய இரண்டு உறைகள் வைத்திருந்து, தோலை நன்கு உலர்த்திய பின் அணிவதே தீர்வு. சேலைச் சட்டையின் இறுகிய கைவிளிம்போ நெருக்கமான காப்போ அவ்வுறையின் வேலையைச் செய்யாது. வடிய வேண்டிய நீரைத் தனக்குக் கீழே தேக்கிவிடும். காலி வீதியில் 100, 101ஆம் இலக்க பஸ்களில் மேற்கம்பியைப் பிடித்துத் தொங்கி நிற்பதும் முதல் வாரங்களில் தையலை இழுத்துப் பிரிக்கக்கூடியது. காயம் முழுதும் மூடுமுன் நோவெண்ணெய் தேய்த்தல் தகாது.

வலிக்குப் பனடோல் என மக்கள் அழைக்கும் பரசிற்றமோலே முதல் மருந்து. வளர்ந்தவர் 24 மணித்தியாலத்தில் 4 கிராமைத் தாண்டலாகாது. டெங்கு மலிந்த இந்நகரில், காய்ச்சல் கண்டவர் அது காயத்தால் வந்ததென்று தாமே முடிவுசெய்து டைக்குளோபெனாக், இபுபுரோபென் போன்றவற்றை விழுங்குவது ஆபத்தானது. குருதிப்பெருக்கு அதனால் கடுமையாகலாம். ஒரு கை மட்டும் திடீரெனப் பருத்தல், நீலம் பாய்தல், பரவும் சிவப்பு, சீழ், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினும் உடனே வைத்தியசாலையை நாட வேண்டும். தோலின் கீழ் நீர் தளும்பினால் வைத்தியர் ஊசியால் அதனை இறக்குவார்.

கொழும்பில் இச்சத்திரசிகிச்சை இன்று பெரும்பாலும் தனியார் வைத்தியசாலைகளிலேயே நடைபெறுகிறது. பின்னர் தேவைப்படும் இயன்மருத்துவத்தை அரச வைத்தியசாலைகளில் கட்டணமின்றிப் பெறலாம்.