காரியாலயத் தொலைபேசியில் பூட்டிவைத்த குரல்கள்

பத்திரிகைத் தொழிலின் வரலாற்றை எழுதியவர்கள் அச்சு இயந்திரத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். தந்தி, டெலெக்ஸ், தொலைநகல், கணினி ஆகியவற்றைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். நிருபரின் மேசையிலே நாள் முழுவதும் ஒலித்துக்கொண்டிருந்த காரியாலயத் தொலைபேசியைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு. அதிலும், அழைப்பைக் காக்க வைத்தல், வேறு இலக்கத்துக்குத் திருப்புதல், மேசையில் ஆள் இல்லாதபோது குரலைப் பதிந்து வைத்தல் என்று காலப்போக்கில் அத்தொலைபேசியுடன் வந்து சேர்ந்த மேலதிக வசதிகளை எவரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

ஆனால் அவ்வசதிகளுள் ஒன்று, 1998ஆம் ஆண்டு அமெரிக்காவின் பழம்பெரும் நாளிதழ் ஒன்றை முதற் பக்கத்தில் மன்னிப்புக் கோர வைத்தது. பத்து மில்லியன் டொலருக்கும் அதிகமாகச் செலுத்த வைத்தது. இத்தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய கதை அது. அதனை விளங்கிக்கொள்வதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது.

ஒப்பரேட்டர் இருந்த காலம்

தொலைபேசியின் முதற் காலத்தில் எல்லா அழைப்புகளும் ஒரு மனிதரின் கையினூடாகவே சென்றன. அழைப்பவர் பெயரையோ இலக்கத்தையோ சொல்வார். இணைப்பகத்தில் இருப்பவர் கம்பியைச் செருகி இணைப்பார். அந்த மனிதக் கையை அகற்ற வேண்டும் என்று முதலில் முனைந்து வெற்றி கண்டவர்களுள் ஒருவர் அமெரிக்காவின் கன்சாஸ் நகரத்தைச் சேர்ந்த அல்மன் ஸ்ட்ரோஜர். அவருடைய தொழில் பிரேத அடக்கம் செய்விப்பது. இணைப்பகத்திலிருந்த பெண், தமக்கு வரவேண்டிய அழைப்புகளைப் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகிறார் என்ற சந்தேகமே அவரைத் தானியங்கி இணைப்பகத்தைக் கண்டுபிடிக்கத் தூண்டியது என்று ஒரு கதை வழங்கி வருகிறது. கதை எப்படியிருப்பினும், 1891இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. 1892 நவம்பரில் இந்தியானா மாநிலத்தின் லா போர்ட் நகரில் முதலாவது வர்த்தகத் தானியங்கி இணைப்பகம் இயங்கத் தொடங்கியது.

ஊர்களின் இணைப்பகங்கள் தானியங்கிகளாக மாறிய பின்னரும், பெரிய காரியாலயங்களின் உள்ளே ஒப்பரேட்டர் நெடுங்காலம் நிலைத்திருந்தார். வெளியிலிருந்து வரும் அழைப்பை வாங்கி, உரியவரின் உள் இலக்கத்துக்கு இணைப்பதும், அவர் இல்லையென்றால் செய்தியைத் துண்டுக் கடதாசியில் எழுதி வைப்பதும் அவரது கடமைகள்.

கொழும்பில் நான் பணியாற்றிய பத்திரிகைக் காரியாலயத்திலும் அப்படி ஓர் அம்மையார் இருந்தார். ஆசிரியபீடத்தில் நாங்கள் எல்லோரும் அவரை 'மிஸ்' என்றுதான் அழைப்போம். எண்பதுகளில், வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் பெயர் சொல்லாமல் பேசியவர்களின் குரல்களை அவர் அடையாளம் கண்டுகொள்வார். ஆனால் பெயரைக் கேட்கமாட்டார். "உங்களுக்கு மத்தியானம் ஒரு அழைப்பு வந்தது, தம்பி. பின்னேரம் திரும்ப எடுப்பாராம்" என்று மட்டும் வாய்மொழியாகச் சொல்லுவார். எதைக் கடதாசியில் எழுதலாம், எதை எழுதக்கூடாது என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. கடதாசியில் இல்லாததை எவரும் கைப்பற்ற முடியாதல்லவா? அந்த விவேகத்தை எந்தக் கண்டுபிடிப்பாளரும் இயந்திரத்துக்குள் வைக்கவில்லை.

குரலைச் சேமிக்கும் ஆசை

குரலைச் சேமித்து வைக்கும் ஆசை தொலைபேசியுடன் ஏறத்தாழ ஒரே காலத்தது. டென்மார்க்கைச் சேர்ந்த வால்டெமார் போல்சன் 1898இல் உருக்குக் கம்பியில் காந்தத்தின் மூலம் ஒலியைப் பதியும் கருவியை உருவாக்கினார். தொலைபேசிச் செய்திகளைப் பதிவது அதன் நோக்கங்களுள் ஒன்று. 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் அது காட்சிக்கு வைக்கப்பட்டது.

ஆயினும் தொலைபேசிக் கம்பனிகள் அதனை விரும்பவில்லை. 1930களிலே பெல் ஆய்வுகூடத்தில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற பொறியியலாளர் காந்த நாடாவில் பதியும் பதில் இயந்திரம் ஒன்றைச் செய்து முடித்திருந்தார். அவருடைய தாய்க் கம்பனியான ஏ.டி. அண்ட் டி. அதனைச் சந்தைக்கு விடவில்லை. தாம் பேசுவது பதியப்படக்கூடும் என்று தெரிந்தால் வர்த்தகர்கள் தொலைபேசியில் மனம்விட்டுப் பேச அஞ்சுவார்கள் என்பது கம்பனியின் கவலை. இக்கவலையைப் பிற்போக்கு என்று பின்னாளில் பலர் கேலி செய்தார்கள். 1998இல் நடந்ததை அறிந்தவர்களுக்கு அப்படிக் கேலி செய்யத் தோன்றாது.

ஐம்பதுகளுக்குப் பின்னர் மாற்றங்கள் வேகமாக வந்தன. 1963இல் சுழற்றும் வட்டுக்குப் பதிலாக அழுத்தும் பொத்தான்களைக் கொண்ட தொலைபேசி பென்சில்வேனியாவில் பொதுப் பாவனைக்கு வந்தது. நட்சத்திரக் குறியும் 'ஹாஷ்' குறியும் 1968இல் அதனுடன் சேர்ந்தன. இது சிறிய மாற்றமாகத் தோன்றலாம். உண்மையில் பெரிய மாற்றம். வட்டுச் சுழற்றும் தொலைபேசி, இணைப்புக் கிடைக்கும்வரைதான் இணைப்பகத்துக்குக் கட்டளையிடும். பொத்தான் தொலைபேசியோ இணைப்புக் கிடைத்த பின்னரும் மறுமுனையில் உள்ள இயந்திரத்துக்கு ஒலிகள் மூலம் கட்டளையிடக்கூடியது. இதே காலத்தில் இணைப்பகங்களும் இலத்திரனியல் மயமாகின. 1965இல் நியூ ஜேர்சியின் சக்கசன்னாவில் நிறுவப்பட்ட இணைப்பகம், சேமித்து வைத்த நிரல்களின்படி இயங்கியது. அதன் பின்னர், புதிய வசதி ஒன்றைச் சேர்ப்பதற்குக் கம்பிகளை மாற்றவேண்டிய தேவை குறைந்தது. நிரலை மாற்றினாலே போதும். அழைப்பைத் திருப்புதல், மூவர் ஒரே நேரத்தில் பேசுதல், பேசிக்கொண்டிருக்கும்போது வரும் அடுத்த அழைப்பை உணர்த்துதல் யாவும் இவ்வழியே வந்தவை.

குரல் அஞ்சலைக் காரியாலயங்களுக்குக் கொண்டுவந்தவர் என்று பெரும்பாலும் குறிப்பிடப்படுபவர் டெக்சாஸ் மாநிலத்தின் கோர்டன் மத்தியூஸ். அவருக்கு முன்பே ஐ.பி.எம். ஆய்வாளர்கள் இத்தகைய முறையொன்றைப் பரீட்சித்திருந்தனர். மத்தியூஸ் 1979இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1983இல் அது கிடைத்தது. அவரது முதல் வாடிக்கையாளர் 3எம் கம்பனி. காரியாலயமொன்றின் குப்பைத் தொட்டியில் குவிந்து கிடந்த இளஞ்சிவப்புச் செய்தித் துண்டுகளைக் கண்டபோதுதான் அவருக்கு இந்த எண்ணம் உதித்தது என்பார்கள். அதாவது, எங்கள் 'மிஸ்' எழுதிய துண்டுகளின் உறவினர்களைக் கண்டபோது!

இம்முறை இயங்கும் விதம் எளியது. குரல் ஒரு வினாடிக்கு 8,000 தடவை அளவிடப்பட்டு எண்களாக மாற்றப்படுகிறது. அவ்வெண்கள் கணினித் தட்டில் சேமிக்கப்படுகின்றன. சுருக்காமல் வைத்தால் ஒரு நிமிடப் பேச்சுக்கு ஏறத்தாழ 480 கிலோபைட் இடம் வேண்டும். ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி. பெட்டிக்குத் திறப்பாக ஓர் இரகசிய இலக்கம். செய்தி காத்திருந்தால் தொலைபேசியில் சிவப்பு விளக்கு எரியும். வெளியூர் சென்றவர் தம் காரியாலயத்துக்கு அழைத்து, பெட்டி இலக்கத்தையும் இரகசிய இலக்கத்தையும் அழுத்தித் தம் செய்திகளைக் கேட்கலாம். அதே செய்தியைத் தம் குறிப்புடன் இன்னொருவரின் பெட்டிக்கும் அனுப்பலாம். எண்பதுகளின் இறுதியில் அமெரிக்கக் கம்பனிகளின் நிர்வாகிகள் கடிதம் எழுதுவதைக் குறைத்து, இப்பெட்டிகளிலேயே ஆலோசித்துக் கொள்ளும் நிலை வந்தது.

வெளியிலிருந்து திறக்கும் வசதிதான் இதன் சிறப்பு. இதன் ஆபத்தும் அதுவேதான். இயந்திரத்துக்குக் குரலை அடையாளம் தெரியாது. சரியான இலக்கத்தை அழுத்துபவர் எவரோ அவரே அதற்கு உரிமையாளர்.

சின்சினாட்டியில் நடந்தது

சிக்கிட்டா என்பது ஒஹாயோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த வாழைப்பழக் கம்பனி. பழைய யுனைட்டட் ஃப்ரூட் கம்பனியின் வாரிசு. 1954இல் குவாத்தமாலா அரசு கவிழ்க்கப்பட்ட வரலாற்றைப் படித்தவர்களுக்கு அப்பெயர் புதியதல்ல.

1998 மே 3, ஞாயிற்றுக்கிழமை, அதே நகரின் 'சின்சினாட்டி என்குவயரர்' நாளிதழ் சிக்கிட்டாவின் நடவடிக்கைகள் பற்றி 18 பக்கங்கள் கொண்ட தனிப் பகுதியொன்றை வெளியிட்டது. எழுதியவர்கள் மைக் கலகர், கமரன் மக்வேர்ட்டர் ஆகிய நிருபர்கள். மத்திய அமெரிக்கத் தோட்டங்களில் தொழிலாளர்களைப் பாதித்த பூச்சிகொல்லிகள், சுயாதீனமானவை என்று காட்டப்பட்ட கம்பனிகள் மீதான மறைமுகக் கட்டுப்பாடு, கொலம்பியாவில் இலஞ்சம் என்று பாரதூரமான குற்றச்சாட்டுகள் அதில் இருந்தன. கம்பனியின் 2,000க்கும் மேற்பட்ட குரல் அஞ்சல்களின் பிரதிகள் தம்மிடம் இருப்பதாகப் பத்திரிகை சொன்னது. அவை உயர்மட்ட மூலம் ஒன்றின் வழியே கிடைத்தவை என்பது வாசகர்களுக்குச் சொல்லப்பட்ட விளக்கம்.

எட்டு வாரங்கள் கழிந்தன. ஜூன் 28ஆம் திகதி, அதே பத்திரிகையின் முதற் பக்கத்தில் சிக்கிட்டாவிடம் மன்னிப்புக் கோரும் அறிவித்தல் வெளியாயிற்று. கட்டுரைகளின் முடிவுகளைப் பத்திரிகை மறுதலித்தது. கலகரைப் பணிநீக்கம் செய்தது. கம்பனிக்குப் பத்து மில்லியன் டொலருக்கு மேல் செலுத்த இணங்கியது. குரல் அஞ்சல்களை எவரும் கொண்டுவந்து கொடுக்கவில்லை. நிருபரே கம்பனியின் தொலைபேசித் தொகுதிக்குள் புகுந்து எடுத்திருந்தார். அவ்வாண்டு செப்டெம்பரில் அவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 1999இல் ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 200 மணித்தியாலச் சமூக சேவையும் தண்டனையாக விதிக்கப்பட்டன.

என்னை அதிகமாக உறுத்துவது இதன் அடுத்த பகுதி. தொலைபேசித் தொகுதிக்குள் நுழையும் வழியை நிருபருக்குக் காட்டியவர், சிக்கிட்டாவில் முன்னர் பணியாற்றிய ஜோர்ஜ் வெஞ்சூரா என்ற சட்டத்தரணி. பெயர் வெளிவராது என்ற வாக்குறுதியை நம்பிப் பேசியவர். வழக்குத் தொடுநர்களுடன் ஒத்துழைக்க இணங்கிய நிருபர், அவரது பெயரை வெளியிட்டார். வெஞ்சூராவும் நீதிமன்றத்தில் நிற்க நேர்ந்தது. தம்மைக் காட்டிக்கொடுத்ததாகப் பத்திரிகைக்கு எதிராக அவர் தொடுத்த வழக்கு, 2005இல் மேன்முறையீட்டிலும் தோற்றது.

அப்படியானால் அக்கட்டுரைகள் பொய்யா? மன்னிப்பு அறிவித்தல் அப்படித்தான் சொன்னது. ஆனால் 2001இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணைக்குழு, கொலம்பியச் சுங்க அதிகாரிகளுக்குப் பணம் கொடுக்கப்பட்ட விவகாரத்தில் சிக்கிட்டாவுக்கு ஒரு லட்சம் டொலர் அபராதம் விதித்தது. கொலம்பியாவின் வலதுசாரி ஆயுதக் குழுவொன்றுக்குப் பல ஆண்டுகளாகப் பணம் செலுத்தியதாக 2007இல் கம்பனி குற்றத்தை ஒப்புக்கொண்டு 25 மில்லியன் டொலர் அபராதத்துக்கு இணங்கியது. 2024 ஜூன் மாதம், அக்குழுவினால் கொல்லப்பட்டவர்கள் சிலரின் குடும்பங்களுக்கு இழப்பீடு வழங்கவேண்டும் என்று புளோரிடாவில் யூரிமார் தீர்ப்பளித்தனர். ஆயுதக் குழு விவகாரம் 1998ஆம் ஆண்டுக் கட்டுரைகளுக்கு வெளியே நின்ற விடயம். ஆனாலும் அந்தக் கம்பனியைத் தோண்டிப் பார்க்கவேண்டிய தேவை மெய்யாகவே இருந்தது என்பதற்கு இவற்றைவிட வேறு சான்று வேண்டுமா? திருடிய திறப்பினால், தோட்டத் தொழிலாளியின் முறைப்பாடு பின்னுக்குப் போயிற்று. கம்பனி பாதிக்கப்பட்டவராக முன்னே வந்து நின்றது.

இலண்டனில் திரும்பவும்

இப்பாடத்தை எல்லோரும் கற்றுக்கொள்ளவில்லை. இலண்டனின் 'நியூஸ் ஒவ் த வேர்ல்ட்' பத்திரிகைக்காகப் பிறரது கையடக்கத் தொலைபேசிகளின் குரல் அஞ்சல்களை ஒட்டுக்கேட்டமைக்காக, அதன் அரச குடும்பச் செய்தியாசிரியரும் தனியார் துப்பறிவாளர் ஒருவரும் 2007 ஜனவரியில் சிறை சென்றனர். பலர் தம் பெட்டியின் இரகசிய இலக்கத்தை மாற்றாமல், ஆரம்பத்தில் வழங்கப்பட்டதையே வைத்திருந்தமை இவ்வேலையை இலகுவாக்கியது. 2002இல் கொலையுண்ட மில்லி டவ்லர் என்ற பள்ளி மாணவியின் குரல் அஞ்சலும் ஒட்டுக்கேட்கப்பட்டிருந்தது என்று 2011 ஜூலையில் தெரியவந்தபோது பிரித்தானியா கொதித்தெழுந்தது. 1843இல் தொடங்கிய அப்பத்திரிகை, 2011 ஜூலை 10ஆம் திகதி தன் கடைசி இதழை வெளியிட்டு மூடப்பட்டது. இங்கே பொதுநலன் என்ற போர்வைகூட இல்லை.

குரல் அஞ்சலின் செல்வாக்கும் பின்னர் குன்றியது. கொக்கா கோலா கம்பனி 2014 டிசம்பரில் தன் தலைமையகத்தில் அவ்வசதியை நிறுத்தியது. பேசிய குரல் இன்று மின்னஞ்சலோடு கோப்பாக வருகிறது. வட்ஸ்அப்பில் குரற்குறிப்பாக வருகிறது. பெட்டியின் வடிவம் மாறினாலும், பதிந்த குரல் எங்கோ ஓரிடத்தில் இருக்கிறது என்ற உண்மை மாறவில்லை.

இளம் ஊடகவியலாளர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இரண்டே விடயங்கள். மற்றவரின் பெட்டியைத் திறந்து எடுத்த உண்மை, உங்கள் கையிலேயே தன் மதிப்பை இழந்துவிடும். உங்களை நம்பிப் பேசுபவரின் குரலையோ, அந்தப் பெட்டி உங்களுடையதாகவே இருந்தாலும், தேவைக்கு மேல் அதில் விட்டு வைக்காதீர்கள். நேரிற் கேட்கக்கூடியதை நேரிற் கேளுங்கள். எழுதவேண்டாததை எழுதாது விடுங்கள். நவீன வசதிகள் எதுவுமற்ற ஒரு தொலைபேசிப் பலகையின் முன்னால் இருந்துகொண்டு, எங்கள் 'மிஸ்' நாள்தோறும் செய்துவந்த காரியம் அதுதான்.